எட்டாம் எண் கட்டடத்துக்கு இரண்டு இயக்குநர்கள் தேவை

செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். கீழே இருநூறு நாற்காலிகள். அமர்ந்திருப்போர் இருநூறு பேர், நின்றிருப்போர் ஓர் அறுபது பேர். மேடையில் ஒன்பது நாற்காலிகள். பேச இருப்பவர்கள் பதினொருவர். நான் நான்காமவன். எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மூன்று நிமிடம். அதில் அரை நிமிடம் இப்போது போய்விட்டது.

ஆகவே,

இடப்பக்கம் விடைபெறும் திட்டத்தையும் வலப்பக்கம் வருகை தரும் திட்டத்தையும் அமர்த்தி, நடுவில் எப்பக்கமும் சாயாமல் நிமிர்ந்து வீற்றிருக்கும் மாண்புமிகு மேயர் அம்மா அவர்களே! முடித்த பணிகளால் மட்டுமின்றி, முடிந்ததாக அறிவித்த பணிகளாலும் இந்நகரில் முத்திரை பதித்த புத்தொளித் திட்டத்தின் இயக்குநர் ஐயா அவர்களே! நாளைக் காலை ஏற்க வேண்டிய பொறுப்புக்காக இன்று மாலையே நாற்காலியின் நுனியில் காத்திருக்கும் மறுமலர்ச்சித் திட்டத்தின் இயக்குநர் ஐயா அவர்களே! எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட சான்றோர்களே! எனக்குப் பின் பேச வந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் சான்றோர்களே! பெரியோர்களே! படியேறிப் படியேறியே பாதி வாழ்வைக் கடந்த தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் மாநகராட்சியின் இயந்திரப் பிரிவில் இளநிலைப் பொறியாளர். பம்பு, மோட்டார், லிஃப்ட் என்று அசைகிற எல்லாம் எங்கள் பொறுப்பு. மேடையில் மின்தூக்கி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பேசப்போகும் பொருள் இதுவரை எதையும் தூக்கியதில்லை. எனவே லிஃப்ட் என்றே சொல்கிறேன்.

பின்வரிசையில் கேட்கவில்லையா? ஒலிபெருக்கி அண்ணே, கொஞ்சம் ஏத்துங்க. போதும். போதும் அண்ணே, நான் கவிதை படிக்க வரல.

நன்றி சொல்வதற்காக அழைக்கப்பட்டவன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் நிதியில் ஆறு ஆண்டுகள் நடந்த புத்தொளித் திட்டத்தால் இந்தப் பகுதிக்கு என்ன கிடைத்தது? விளக்கில்லாத வீதிக்கு விளக்கு வந்தது. ஒழுகிய கூரைக்கு ஒட்டுப் போடாமல் புதுக்கூரையே வந்தது. மூன்றாம் மாடியில் மூச்சு முட்டி நின்றுவிட்ட தண்ணீர், ஆறாம் மாடிக் குழாயில் ஆர்ப்பரித்து வந்தது. இவை உண்மை. இவற்றைச் செய்தவர்களுக்கு என் நன்றியும் உண்மை. இன்று நள்ளிரவோடு அந்தத் திட்டம் முடிகிறது. நாளைக் காலை அதே மத்திய அரசின் நிதியில், அதே அலுவலகத்தில், அதே மேசையில், வேறு பெயர்ப்பலகையோடு மறுமலர்ச்சித் திட்டம் தொடங்குகிறது.

எனக்குப் பின்னால் பாருங்கள். இடது பக்கம் பழைய திட்டத்தின் பதாகை, வலது பக்கம் புதிய திட்டத்தின் பதாகை. இரண்டும் எழிலானவை, இரண்டிலும் சிரிக்கும் குடும்பம் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி. அதன் வழியே காற்று வருகிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு கட்டடம் தெரியும். அதுதான் எட்டாம் எண் கட்டடம். நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆறு மாடிக் கட்டடம். அதற்கு லிஃப்ட் வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவானதும் வேலை பிரிக்கப்பட்டது. கட்டுமானப் பிரிவு, தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் லிஃப்ட் ஓடுவதற்கான குழியைக் கட்டியது, அழகாகக் கட்டியது, பூசி வெள்ளையடித்து, ஒவ்வொரு மாடியிலும் கதவும் பொருத்தியது. மின் பிரிவு, ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்தது. அழுத்தினால் அம்புக்குறி சிவப்பாக எரியும். எரிவதோடு அவர்கள் வேலை முடிந்தது. மிச்சம் இருந்தது எங்கள் வேலை: பெட்டி, கம்பிவடம், மோட்டார். அதாவது லிஃப்ட்.

அன்பர்களே, ஒரு மாநகராட்சியில் எது எப்போது முடிகிறது? கட்டுமானப் பிரிவுக்கு, வெள்ளையடித்தால் முடிந்தது. மின் பிரிவுக்கு, விளக்கு எரிந்தால் முடிந்தது. எங்கள் பிரிவுக்கு, அசைந்தால்தான் அது இருக்கிறது என்றே பொருள். மூவரில் இருவர் முடித்துவிட்டார்கள். பெரும்பான்மை! ஆகவே போன ஆண்டு லிஃப்ட் திறப்பு விழா நடந்தது.

நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நானும் இருந்தேன். இயக்குநர் ஐயா நாடாவை வெட்டினார். பட்டனை அழுத்தினார். அம்புக்குறி எரிந்தது. நாம் கைதட்டினோம். ஐயா ஒரு நிமிடம் கதவைப் பார்த்தார். கதவு ஐயாவைப் பார்த்தது. பிறகு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது கைதட்டாதீர்கள். அன்றைக்குத் தட்டியதே இன்னும் தீரவில்லை.

கதவுகளுக்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டோம், யாரும் குழிக்குள் விழ மாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டன் இன்னும் எரிகிறது. புதிதாக வருகிறவர்கள் அழுத்திவிட்டு நிற்கிறார்கள். பொறுமையாக நிற்கிறார்கள். சென்ற மாதம் ஒரு குளிர்சாதனப் பெட்டியோடு வந்த இரண்டு பேர் அரை மணி நேரம் நின்றார்கள். அவர்களில் ஒருவர், "மேல யாரோ கதவைத் திறந்து வச்சுட்டுப் பேசிட்டிருக்காங்க போல" என்றார். மற்றவர் மேல்நோக்கி, "யோவ், கதவைச் சாத்துய்யா!" என்று கத்தினார். ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "சாத்துனா மட்டும் வந்திருமா?"

அந்தக் குரலுக்கு உரியவர் கிரேன்காரர். இந்தப் பகுதியில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் உட்கார்ந்தே உலகைப் பார்த்தவர். போன ஆண்டு பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. இன்றைக்கு அதே உயரத்திலிருந்து இறங்க முடியாமல் இருக்கிறார்.

அவருடைய மனைவியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. நம் எல்லோருடைய மனுக்களின் முதல் வாசகி. கணவருக்கும் மனைவிக்கும் நடுவில் ஐந்து மாடி, ஒரு கயிறு, ஒரு வாளி. அக்கா கீழிருந்து கிரேன் சைகை காட்டுவார். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. இந்தத் தெருவே அந்தச் சைகையைக் கற்றுக்கொண்டுவிட்டது. காய்கறி வண்டிக்காரர்கூட வாயால் விலை சொல்வதில்லை.

போன வாரம் நான் அங்கே நின்றிருந்தபோது கேட்டது:

"ஏங்க, பால் பாக்கெட் போட்டிருக்கேன். மெதுவா இழுங்க!"

"நாப்பது டன் தூக்குனவன்டி நான். பால் பாக்கெட்டுக்கு மெதுவாவாம்!"

"நாப்பது டன் விழுந்தா கம்பெனிக்கு நஷ்டம். இது விழுந்தா உங்களுக்குக் காப்பி கிடையாது. மெதுவா இழுங்க."

மெதுவாகத்தான் இழுத்தார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். இனிச் சிரிக்க வேண்டாம்.

அந்தக் காலுக்கு மருத்துவமனையில் வாரம் இருமுறை பயிற்சி வேண்டும். பயிற்சி தரும் இயந்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன, அவை மாடி ஏறி வராது. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். பிறகு ஒருநாள், மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் உடைந்தது. கிரேன்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைத் தாங்கிப் பிடித்த பெயிண்டர் அண்ணனின் மணிக்கட்டு உடைந்தது. அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கை தூக்க வேண்டாம் அண்ணே, தெரியுது.

அன்றோடு கிரேன்காரர் மறுத்துவிட்டார். "எனக்காக இன்னொருத்தன் கை ஒடிய வேணாம். என்னை யாரும் தொடாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மருத்துவர் சொன்னது இது: இன்னும் மூன்று மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கினால் அந்தக் கால் நடக்கும், தவறினால் அப்படியே நின்றுவிடும். மேயர் அம்மா அவர்களே, என் பேச்சில் இதற்கு மேல் உருக்கம் கிடையாது. மூன்று மாதம். அவ்வளவுதான் விஷயம்.

லிஃப்ட் பொருத்த எத்தனை நாள் ஆகும்? ஆறு வாரம். மோட்டார் வந்துவிட்டதா? வந்துவிட்டது. பெட்டி, கம்பிவடம்? இரண்டும் கீழ்த்தளத்தில், அக்காவின் கடைக்குப் பின்னால். ஆட்கள்? இருக்கிறார்கள். பின் என்னதான் தடை? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு திட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கும்போது மத்திய அரசு மூன்று விதி வைத்திருக்கிறது. முடிந்த வேலையைப் புதிய திட்டம் தொடாது. தொடங்கிய வேலையைப் புதிய திட்டம் தொடர்ந்து முடிக்கும். தொடங்காத வேலை காலாவதி. அதற்காக வாங்கிய பொருள் மத்தியக் கிடங்குக்குத் திரும்பிவிடும். சரி, புதிதாக விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். எட்டாம் எண் கட்டடத்தில்தான் லிஃப்ட் இருக்கிறதே! நாமே கைதட்டினோமே!

குழியும் பட்டனும் முடிந்த வேலை, எங்கள் பங்கு தொடங்காத வேலை. ஆக, ஒரே ஒரு வழி. இன்று நள்ளிரவுக்குள் அது தொடங்கிய வேலையாக வேண்டும். தொடக்கம் என்றால் எது? விதி தெளிவாக இருக்கிறது, அதற்காக எழுதியவரைப் பாராட்டுகிறேன். மோட்டார் அதன் பீடத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட வேண்டும். முடுக்கும்போது இரண்டு திட்டங்களின் இயக்குநர்களும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் ஒப்படைக்க, ஒருவர் ஏற்க. அவ்வளவே.

மோட்டார் வந்த நாள் முதல் இந்த இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்த அலைந்தேன். பழைய திட்டத்தின் ஐயாவிடம் போனேன். "முடிக்கிறவன்பா நான். தொடங்குற வேலைக்கு என்னை ஏன் கூப்பிடுற?" என்றார். நியாயம். புதிய திட்டத்தின் ஐயாவிடம் போனேன்.

"தம்பி, நானே இன்னும் தொடங்கலையே. ஒண்ணாந்தேதி வா."

"ஒண்ணாந்தேதி வந்தா வேலை காலாவதி ஆயிடும் ஐயா."

"அப்ப முப்பதாந்தேதி வா."

"முப்பதாந்தேதி நீங்க எங்க இருப்பீங்க?"

"விழாவுல."

இதோ, வந்துவிட்டேன்.

நடுவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மாற்றக் காலம் என்பதால் அலுவலகத்தில் கார் ஒன்றுதான். ஒருவர் அதில் வெளியே போனால் மற்றவர் உள்ளே இருப்பார். ஒரு மாதமாக இந்த நகரில் இரண்டு இயக்குநர்களும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. இன்று மாலை ஓட்டுநர் அண்ணன் என்னை அழைத்தார். "தம்பி, ரெண்டு பேரும் பின்சீட்ல இருக்காங்க."

"பேசிக்கிறாங்களா?"

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பாத்துட்டு வர்றாங்க. ஆனா ஒரே வண்டிதான்."

அந்த நிமிடம்தான் இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டேன். அதுவரை உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன்.

இன்று காலையே மோட்டாரை மொட்டைமாடி அறைக்கு ஏற்றிவிட்டோம். செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியைக் கட்டி, அங்குலம் அங்குலமாக. கிரேன்காரர் தம் ஜன்னலில் இருந்தபடி முழுநேரமும் உத்தரவு போட்டார். அவற்றில் இரண்டோ மூன்றோ சரி. எங்கள் ஃபோர்மேன் பொறுக்க முடியாமல், "அண்ணே, இது கிரேன் இல்ல, செயின் பிளாக்கு!" என்று கத்தினார். "எதுவா இருந்தா என்னய்யா, தூக்குறது தூக்குறதுதானே!" என்று பதில் வந்தது. மோட்டார் அவர் ஜன்னலைக் கடந்தபோது கையை நீட்டி ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீ அசைக்கிற பிரிவுதானே? அப்ப அசைச்சுக் காட்டு" என்றார்.

மோட்டார் இப்போது பீடத்தின் மேல் இருக்கிறது. சும்மா இருக்கிறது. வைத்தால் அது சேமிப்பு. முடுக்கினால்தான் தொடக்கம்.

அவையோரே! எது தொடக்கம்? பதாகை கட்டினால் தொடக்கமா? பாராட்டுரை பாடினால் தொடக்கமா? நாடா வெட்டினால் தொடக்கமா? நாளிதழில் படம் வந்தால் தொடக்கமா? பெயரை மாற்றினால் தொடக்கமா? பெயர்ப்பலகைக்குப் பெயிண்ட் அடித்தால் தொடக்கமா? இல்லை! ஒரு போல்ட் தன் துளையில் இறங்கி, ஒரு நட்டு அதன் கழுத்தைப் பிடித்து, இரும்பும் இரும்பும் இறுகி, இனி எவன் வந்து இழுத்தாலும் இம்மியும் நகர மாட்டேன் என்று நிற்கிறதே, அதுதான் தொடக்கம்! திட்டங்கள் வரும், திட்டங்கள் போகும். அவை வருவதற்கும் போவதற்கும் நடுவில் ஒரு மனிதர் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். அவர் எந்தத் திட்டத்தின் ஆள்? முடிந்தவரா? தொடங்காதவரா? அவர் காலுக்குத் திட்டத்தின் கடைசித் தேதி தெரியுமா?

பதாகைகளின் இடைவெளி வழியே அந்த ஐந்தாம் மாடி ஜன்னலைப் பாருங்கள். ஆம், அவர்தான். விரலை மேலே நீட்டிச் சுற்றுகிறார். சீக்கிரம் தூக்கு என்று அர்த்தம். என் பேச்சைச் சொல்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இரண்டு இயக்குநர்களும் இப்போது என்னோடு எழுந்து, சாலையைக் கடந்து, மேலே வர வேண்டும்.

என்ன ஐயா? விழா முடிந்த பிறகா? எனக்குப் பின்னால் ஏழு பேர் பேச இருக்கிறார்கள். அவர்களில் மூவர் கவிதை வாசிப்பதாகத் தெரிகிறது. நள்ளிரவு முந்திவிடும்.

பழைய திட்டத்தின் ஐயா ஏதோ சொல்கிறார். கொஞ்சம் சத்தமா ஐயா. முழங்கால் வலியா? ஆறு மாடி ஏற முடியாதா?

ஐயா, இவ்வளவு நேரமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள், வலி வலிதான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். கால்கள் உறுதியானவை, நானே சோதித்தேன். நீங்கள் கேட்டால் ஒழிய யாரும் உங்களைத் தூக்க மாட்டார்கள்.

புதிய திட்டத்தின் ஐயா கேட்கிறார்: நின்று பார்த்துவிட்டால் அந்த வேலை முழுவதும் தம் தலையில் விழுமா? விழும் ஐயா. பெட்டி ஓடும் வரை உங்கள் பொறுப்பு. ஓடாவிட்டால் உங்கள் பெயர்தான் கெடும். அதற்காகத்தான் கூப்பிடுகிறேன். மறைத்துக் கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பம் இல்லை.

மேயர் அம்மா, சொல்லுங்க. முடுக்க எவ்வளவு நேரம் ஆகுமா? இருபது நிமிடம். ஏறி இறங்கத்தான் நேரம் ஆகும்.

மேயர் அம்மா எழுந்துவிட்டார். "நான் முன்னால போறேன், ரெண்டு பேரும் பின்னால வாங்க" என்கிறார். புதிய திட்டத்தின் ஐயா யோசிக்கிறார். யோசியுங்கள் ஐயா, அது உங்கள் உரிமை. அக்கா கடை வாசலில் வந்து நிற்கிறார், அவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு யோசியுங்கள்.

எழுந்துவிட்டார். நுனியில் இருந்தது நல்லதாயிற்று.

பழைய திட்டத்தின் ஐயாவும் எழுகிறார். ஓட்டுநர் அண்ணே, ஐயாவுக்கு ஒரு கை கொடுங்க.

எனக்குத் தந்த மூன்று நிமிடம் தாண்டி நெடுநேரம் ஆகிவிட்டது. இனி நான் செய்யப்போவது:

1. கேட்டிருந்த தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், வரிசையை விட்டுக்கொடுக்கும் கவிஞர்களுக்கும் நன்றி கூறி, ஒலிவாங்கியை அடுத்தவரிடம் தருவேன். விழா தொடரட்டும், நாங்கள் இல்லாமலும் அது நடக்கும்.

2. இவர்கள் மூவரோடும் சாலையைக் கடந்து எட்டாம் எண் கட்டடத்துக்குள் போவேன். பட்டனை யாரும் அழுத்த வேண்டாம்.

3. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நிற்பேன். எல்லோருக்கும் மூச்சு வாங்கும். தண்ணீர் வைத்திருக்கிறோம்.

4. ஐந்தாம் மாடியில் கிரேன்காரர் கதவு திறந்திருக்கும். அவர் ஏதாவது சொல்வார். இயக்குநர்கள் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கேட்டுவிட்டு மேலே வந்தால் போதும்.

5. இரண்டு இயக்குநர்களும் பார்க்க, நான்கு போல்ட்டுகளையும் முடுக்குவேன்.

6. இறங்கும்போது அவரிடம் உண்மையைச் சொல்வேன்: இன்றைக்கு லிஃப்ட் ஓடாது, நாளைக்கும் ஓடாது, ஆறு வாரம் ஆகும். திட்டுவார். வாங்கிக்கொள்வேன்.

7. நாளைக் காலை எட்டு மணிக்குப் புதிய இயக்குநரின் அறை வாசலில் நிற்பேன். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். "வணக்கம் ஐயா, நடந்துகொண்டிருக்கிற வேலை ஒன்று இருக்கிறது" என்பேன்.